சனிக்கிழமைச் சம்பளமும் நான்கு கடன்களும்

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். வாரச் சம்பளம் இருவருக்கும் சேர்த்து 6,500 ரூபாய் வரும். மாமியாரின் ஆபரேஷனுக்காக 2023-ல் மூன்று பவுனை அடகுக் கடையில் வைத்தோம். ஒரு பவுன் மோதிரம் 28,000, இரண்டு பவுன் செயின் 52,000, ரெண்டு வட்டி. மாதம் 1,600 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம். குழுக் கடன் 31,000 பாக்கி, மாதம் 2,800 தவணை. நாத்தனாரிடம் வாங்கிய கைமாற்று 40,000. இதற்கு நடுவில், குழுத் தவணை கட்ட முடியாமல் கணவருக்குத் தெரியாமல் 20,000 தண்டல் வாங்கிவிட்டேன். தினம் 200 ரூபாய் கட்டுகிறேன், இன்னும் 28 நாள் இருக்கிறது. தை மாதம் நாத்தனார் மகளுக்குச் சீர். அதற்குள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். தெரிந்த ஒருவர் மூணு வட்டிக்கு 1,60,000 தருகிறேன், எல்லாவற்றையும் அடைத்துவிட்டு எனக்கு மட்டும் கட்டுங்கள் என்கிறார். வாங்கிவிடலாமா? அமெரிக்கா வரி போட்டதிலிருந்து கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட்டும் குறைந்துவிட்டது. ராத்திரி தூக்கமே இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்த மூணு வட்டிப் பணத்தை வாங்காதீர்கள்.

1,60,000-க்கு மூணு வட்டி என்றால் மாதம் 4,800 ரூபாய். இப்போது கடனுக்கென்று மாதம் பத்தாயிரத்துக்கு மேல் போகிறது, 4,800 என்றால் பாதி மிச்சமாகுமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துவிடுவோம். இப்போது போகும் பத்தாயிரத்தில் தண்டலும் குழுக் கடனும் கட்டக் கட்டத் தீர்ந்துகொண்டே வருகின்றன. தண்டலுக்கு நாலே வாரம், குழுவுக்கு ஒரு வருடம். அந்த 4,800 வெறும் வட்டி. ஒரு வருடத்தில் 57,600 கட்டிய பிறகும் அசல் 1,60,000 அப்படியே நிற்கும். வட்டியே இல்லாத நாத்தனார் கடனையும் மூணு வட்டிக் கடனாக்கிவிடுவீர்கள். கூடவே அந்த மூணு வட்டிக்காரர் வெற்றுப் பிராமிசரி நோட்டிலும் தேதி போடாத செக்கிலும் கையெழுத்துக் கேட்டிருந்தால், எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ள அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். யாரிடம் எப்போது கடன் வாங்கினாலும் நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் தீர்ந்த அன்றே நோட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

சரி, கையில் இருக்கும் 6,500-ஐ என்ன செய்வது? உங்கள் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்த செலவுக் கணக்கை வாரக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். மளிகை, காய், பால், கேஸ் எல்லாம் சேர்த்து 2,000. வாடகையும் கரண்டும் 1,400. பள்ளிக்கூடம், பஸ், போன், மாத்திரை 600. ஆக வீட்டுக்கு 4,000. கடனுக்குத் தண்டல் 1,400, குழு 700, நகை வட்டி 400, ஆக 2,500. கூட்டினால் 6,500. ஒரு ரூபாய் மிச்சமில்லை, ஒரு ரூபாய் பற்றாக்குறையும் இல்லை. நீங்கள் ஊதாரி இல்லை, சகோதரி. இவ்வளவு இறுக்கமான வருமானத்தில் குடும்பத்தை இதுவரை ஓட்டி வந்ததே பெரிய காரியம். ஆனால் ஒரு ஷிஃப்ட் போனாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்படி உடைந்த ஒரு வாரத்தில்தான் தண்டல் உள்ளே வந்திருக்கிறது.

அது எப்படி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் கடன்காரர்களுக்கெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் சமையலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறீர்கள். புதன்கிழமை அரிசி டப்பா காலி. கடைக்காரரிடம் பாக்கி, பக்கத்து வீட்டில் கைமாற்று, அதை அடைத்ததில் குழுத் தவணைக்குப் பணமில்லாமல் தண்டல். நாணயமானவர்கள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் அந்த 4,000-ஐ எடுத்துத் தனியாக வையுங்கள். அதிலும் சமையல் பணம் 2,000-ஐ யார் வாசலில் வந்து நின்றாலும் தொடக்கூடாது. சம்பளம் குறைந்த வாரத்தில் குறைய வேண்டியது கடன் பங்குதான். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணத்தை எடுத்துக் கட்டும் தவணை, அடுத்த வாரமே வேறொருவரிடம் புதுக் கடனாகத் திரும்பி வருகிறது. ரேஷன் துவரம் பருப்பும் பாமாயிலும் எந்த மாதமும் விட்டுப்போகாமல் வாங்குங்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை எந்தக் கடனிலும் சேர்க்காமல் பேங்கிலேயே விட்டு வையுங்கள். காய்ச்சல், தலைவலி என்று வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இனி தண்டல். 20,000 தண்டல் என்றாலும் கையில் வந்தது 17,000, கட்டுவது நூறு நாளில் 20,000. மூவாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முழுப் பணமும் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை, தினமும் 200 ரூபாய் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்து வட்டி. உங்கள் கடன்களில் மிகக் கொடியது இதுதான். நல்ல வேளை, சீக்கிரம் முடியப்போவதும் இதுதான். கடைசி வாரத்தில் தண்டல்காரர் கட்டாயம் கேட்பார்: "தீபாவளி வருதுங்க்கா, பழசைக் கழிச்சுட்டுப் புதுசு போட்டுக்கறீங்களா?" வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடைசி நாள் கட்டியதும் அட்டையில் முடிந்தது என்று எழுதி வாங்குங்கள்.

அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் வந்துள்ளது. ஆனாலும் நாலு வாரத்தில் முடியும் கடனுக்காக இப்போதே புகார், வழக்கு என்று இறங்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். தண்டல்காரர் மிரட்டினாலோ, கம்பெனி வாசலில் வந்து அசிங்கப்படுத்தினாலோ அது வேறு விஷயம். அப்போது தயங்காமல் போலீஸில் புகார் கொடுங்கள், 15100 என்ற எண்ணுக்கும் பேசுங்கள். அது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்கள் இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருவார்கள்.

தண்டலைப் பற்றிக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வாரமே. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கடனைவிட இந்த ஒளிவுமறைவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் 200 ரூபாயை அவர் கண்ணில் படாமல் எடுத்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை! சனிக்கிழமை ராத்திரி அலுத்து வந்திருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, நாலு கடனையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். "நான் ஒண்ணு மறைச்சுட்டேன், குழுத் தவணைக்காகத்தான் வாங்கினேன், இன்னும் நாலு வாரத்துல முடிஞ்சிரும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். அவருடைய அம்மாவின் ஆபரேஷனுக்காக உங்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தவர் நீங்கள், அதை அவர் மறந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தால்தான் அடுத்து நான் சொல்லப்போகும் நகை விஷயத்தை இருவரும் சேர்ந்து செய்ய முடியும்.

நகையில் உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் அடகு வைத்த 2023-ல் பவுன் 45,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025-லேயே 80,000-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு மூன்று பவுனுக்கு 80,000 வாங்கினீர்கள். அந்த விலையில் ஒரு பவுன் மோதிரத்துக்கு மட்டுமே பேங்கில் ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வட்டியும் பேங்கில் வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம்தான். அடகுக் கடையின் ரெண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம்.

போன தீபாவளிக்கு இருவருக்கும் சேர்த்து 33,000 போனஸ் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறையும் அப்படி வந்தால், அது செலவாகிப் போவதற்கு முன் 28,000-மும் அந்த மாத வட்டியும் கட்டி மோதிரத்தை மீட்டுவிடுங்கள். அன்றே பேங்கில் அல்லது கூட்டுறவு வங்கியில் வையுங்கள். அங்கே வரும் பணத்தோடு, தண்டல் முடிந்த பிறகு வாரம் 1,400 மிச்சமாகுமே, அதில் இரண்டு மூன்று வாரப் பணத்தைச் சேர்த்தால் 52,000 கட்டிச் செயினையும் மீட்டுவிடலாம். இரண்டு பவுன் செயின் வீட்டுக்கு வந்துவிடும். கடன் 80,000-லிருந்து ஐம்பதாயிரமாக இறங்கும், மாத வட்டி 1,600-லிருந்து நானூற்றுச் சொச்சமாகக் குறையும். பிள்ளைகளின் துணிக்கு மூவாயிரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தீபாவளியே இல்லை என்று ஆக்க வேண்டாம்.

போகும் முன் மோதிரத்தில் கல் இருந்தால் அதன் எடையைக் கழிப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள். முதலில் பேங்கில் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு, அப்புறம் கடையில் மீட்கப் போங்கள். போனஸ் குறைந்து வந்தால் மோதிரத்தை மட்டும் மாற்றுங்கள், செயினைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை வட்டி கட்டிப் புதுப்பிக்கும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

குழுக் கடனை இப்படியே கட்டிக்கொண்டு போங்கள். சம்பளம் குறைந்த மாதத்தில் தவணை நாள் வரை காத்திருக்காமல், நாலு நாள் முன்பே குழுத் தலைவியிடம் சொல்லிவிடுங்கள். வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்னாலோ மாலை 6 மணிக்குப் பின்னாலோ வரக்கூடாது, மரியாதை இல்லாமல் பேசக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ராத்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டால் அதைச் சொல்லிக் கேளுங்கள். "உன் பேர்ல எடுத்துக் கொடு, நான் கட்டிக்கறேன்" என்று குழுவில் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், எவ்வளவு நெருங்கிய தோழியாக இருந்தாலும்.

இன்னொன்று. வாரச் சம்பளக்காரர்களுக்கு வருடத்தில் நாலு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும். வாடகையும் தவணையும் நாலு வாரத்திலேயே ஒதுக்கி முடிந்திருக்கும் என்பதால், ஐந்தாவது சனிக்கிழமையில் சமையலும் சில்லறைச் செலவும் போக மிச்சம் கையில் நிற்கும். அதை வேலை குறைந்த வாரத்துக்கென்று வையுங்கள். ஆர்டர் எப்போது பழையபடி வரும் என்று நம் கையில் இல்லை. ஒரு வாரச் சமையல் பணம் முன்கூட்டியே டப்பாவில் இருந்தால் தண்டல்காரரைக் கூப்பிட வேண்டி வராது.

நாத்தனாரிடம் தைக்குள் 40,000 கொடுக்க உங்களால் முடியாது. இதை போனில் சொல்லாதீர்கள், தை வரை இழுத்துவிட்டு அப்புறம் சொல்லவும் வேண்டாம். தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேரில் போங்கள். உங்கள் கணவரே தன் தங்கையிடம் பேசட்டும். நகையை மாற்றி முடித்த பிறகு, தண்டலுக்குப் போன 1,400-ல் வாரம் 1,000 நாத்தனாருக்கென்று எடுத்து வைக்கலாம். நவம்பர் நடுவில் ஆரம்பித்தால் தை பிறப்பதற்குள் எட்டாயிரம் சேரும், மிச்சமும் அடுத்த ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை அவருக்கு அப்படியே காட்டுங்கள். வட்டியில்லாமல் கொடுத்தவருக்கு மழுப்பலான பதில்தான் வலிக்கும்.

தாய்மாமன் சீரை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். கடனையும் கட்டவில்லை, சீரும் குறைவு என்று ஊர் பேசுமே என்று. சீருக்காகக் கடன் வாங்காதீர்கள், மீட்ட செயினையும் திரும்ப அடகு வைக்காதீர்கள். அதற்குப் பதில் அந்தத் தங்கையிடமே மனம் விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: "இப்ப எங்ககிட்ட இருக்கறது இவ்வளவுதாம்மா. இதைச் சீரா செய்யட்டுமா, உன் பணத்துல கழிக்கட்டுமா?" விசேஷத்துக்கு மண்டபம், சமையல் என்று அவருக்கும் ரொக்கம் தேவைப்படும். பாத்திரத்தையும் பட்டையும் விட, தன் பணம் நேரத்துக்குக் கையில் கிடைப்பதையே அவர் விரும்பலாம். அப்படி அவர் சொன்னால் ஒரு புடவை, பூ, பழத் தட்டோடு தாய்மாமன் முறையைச் செய்துவிட்டு மிச்சத்தைப் பணமாகவே கொடுங்கள். இல்லை, சீர்தான் முக்கியம் என்றால் அந்த எட்டாயிரத்துக்குள் சீரைச் செய்துவிட்டு, தவணையைத் தை முடிந்த பிறகு ஆரம்பிக்கிறோம் என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்.