கண்ணில் இறங்கிய நீர்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கிளினிக் துண்டில் ‘கற்றரக்ட்’ என்று எழுதியிருந்தது. மகனின் புவியியல் புத்தகத்தில் நைல் நதிக்கும் அதே சொல்! அருவிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு? கண்ணில் நீர் வடிவதால்தானோ என்று அம்மா கேட்கிறார்.

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணீர் அல்ல. ஆனால் நீர் என்று அம்மா சொன்னது வீண்போகவில்லை. தலையிலிருந்து கெட்ட நீர் இறங்கி, கண்மணிக்குப் பின்னால் உறைந்து பார்வையை மறைக்கிறது என்றே பழைய வைத்தியர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவ நூல்களில் இந்த நோய்க்குப் பெயர் ‘நுசூல் அல் மா’, அதாவது நீர் இறங்குதல். (‘மா’ தண்ணீர் என்பது காத்தான்குடி மதரசாப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.) 11ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்கள் இத்தாலியில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. அந்த வழியில்தான் ‘கதரக்தா’ கண்ணுக்கு வந்தது என்பார்கள். கிரேக்க மூலத்தில் அதற்குப் பாய்ந்து விழுவது என்று பொருள். அருவியும் அதுவே.

லத்தீனில் அது மதகையும், மேலிருந்து இறக்கும் கோட்டைக் கதவையும்கூடக் குறித்தது. நோவா காலத்து வெள்ளத்தில் ‘வானத்தின் மதகுகளும் திறவுண்டன’ என்று நம் வேதாகமம் சொல்லுமிடத்தில், லத்தீனில் இருப்பது இதே சொல்தான். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்து நீர் இரைவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பார்வையை அடைக்கும் கதவு என்பதால் வந்த பெயர் என்று வாதிடுவோரும் உண்டு; எனக்கு அரபு வழியே பொருத்தமாகப் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தவறான அந்த நம்பிக்கைக்கு வைத்தியமே சாட்சி சொன்னது. ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி மங்கலைக் கீழே அழுத்துவார்கள். கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். உறைந்த நீரை ஒதுக்கிவிட்டோம் என்று வைத்தியர் மகிழ்வார். உண்மையில் அமிழ்ந்தது கண்வில்லை. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் பிரிஸ்ஸோ, இறந்த போர்வீரன் ஒருவனின் கண்ணை அறுத்துப் பார்த்து, மங்கியிருப்பது வில்லையே என்று காட்டினார். நீர்க்கதை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழ் இந்த வழியில் போகவேயில்லை. ‘புரை’க்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு, குறளின் ‘புரைதீர்ந்த நன்மை’ அதுதான். நீரைப் பற்றிய பேச்சே இல்லாததால், பிரிஸ்ஸோ வந்தபிறகும் நம் சொல்லில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

மகனுக்கு ஒரு செய்தி: நைலில் எண்ணிட்ட கற்றரக்டுகள் ஆறு. முதலாவது எகிப்தின் அஸ்வானில். அவை செங்குத்தாக விழும் அருவிகள் அல்ல. பாறைகளுக்கிடையே ஆறு நுரைத்து ஓடும் இடங்கள். பரீட்சையில் ‘நீர்வீழ்ச்சி’ என்று எழுதிவிடப் போகிறான்.