செருப்பைத் திருப்பியது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

உங்கள் லிஃப்ட் கதையைப் போன மாதம் வாசித்தேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடியில், கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மா. ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்குப் பிறகு தானாக மேலே வந்து, கதவு திறந்து, மூடும் லிஃப்ட். கடைசியில் ஓர் இரவு அவர் கணவரின் செருப்பை லிஃப்ட் வாசலில் வைக்கிறார். காலையில் அது மறுபக்கம் திரும்பி இருக்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. மிச்சம் எங்கேயாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். செருப்பைத் திருப்பியது யார்? எழுதிய உங்களுக்காவது தெரியுமா? அன்றிரவு நான் தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. என் பெரியம்மாவின் மகன் 2008இல் ஒரு காலை வேலைக்கென்று வெளிக்கிட்டவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முடிவு தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். கதையிலும் அதையே ஏன் தருகிறீர்கள்? அதில் என்ன சுகம்?

ஒரு வாசகி, தெஹிவளை

---

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு கிழமை தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. இரண்டாவது கேள்வியைத்தான் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதலாவது. செருப்பைத் திருப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு உங்களிடம் மறைக்கவில்லை. அந்தக் கதையில் இரண்டு வழிகளைப் போட்டேன், இரண்டும் கடைசிவரை நடந்து போகக்கூடிய வழிகளாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டேன். லிஃப்ட் திருத்த வருபவர் சொல்வது முழு உண்மை. எங்கள் பக்கத்து ஒழுங்கைகள் ரயில் பாதையில் போய் முடிகின்றன, அதற்கு அப்பால் கடல். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, ஏசியின் வெளிப்பெட்டியைத் தின்கிறது, லிஃப்ட் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் செம்புக் கம்பியையும் விடுவதில்லை. ஒரு பொத்தான் தானாக ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. செருப்பையும் விடியற்காலையில் பேப்பர் போட வருகிற பையன் காலால் தட்டியிருக்கலாம். அந்தத் தொழிலாளியை ஒன்றும் தெரியாதவராக எழுதியிருந்தால் பேய் சுலபமாக வென்றிருக்கும். சுலபமாக வெல்கிற பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அம்மம்மாவிடம் படித்தேன். எண்பதுகளின் கடைசியில், கொட்டாஞ்சேனை வீட்டில், ஊரடங்கு இரவுகளில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்போம். யாராவது ஒருவர் தொடங்கி வைப்போம், "அம்மம்மா, அந்தப் பாக்குரல் கதை" என்று. ஊரில் பூட்டி, அதாவது எங்கள் கொள்ளுப்பாட்டி, செத்து அந்தியேட்டிச் சடங்கு எல்லாம் முடிந்த பிறகு நடந்தது. பூட்டிக்குப் பல் இல்லை, வெற்றிலையைப் பாக்குரலில் போட்டு இடித்துத்தான் வாயில் வைப்பா. அம்மம்மா சொல்வா:

"சாமத்தில டொக் டொக்கெண்டு சத்தம் கேட்டுது. விளக்கைத் தூண்டிக்கொண்டு போனன். உரல் வச்ச இடத்திலதான் இருந்தது. கையை விட்டுப் பாத்தன். உள்ளுக்கை ஈரமாக் கிடந்தது."

"பிறகு?"

"பிறகென்ன, வந்து படுத்திட்டன்."

ஒவ்வொரு முறையும் இதே சொற்கள்தான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. நாங்கள் கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் கிடப்போம். எனக்கு அந்த 'ஈரம்' இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. சத்தத்தை விட, இருட்டை விட, அந்த ஈரம்.

எங்கள் மாமா விஞ்ஞானம் படிப்பித்தவர். அவர் இருக்கும் நாளில் கதை முடிந்தவுடன் விளக்கம் வரும்: எலி உருட்டியிருக்கும், மாரிகாலத்தில் எந்த உரலும் ஈரம் பிடிக்கும். ஊரிலிருந்து சின்னம்மா வந்து நிற்கும் நாளில் வேறு விளக்கம்: "ஆச்சி வெத்திலைக்கு ஏங்கித்தான் வந்திருக்கிறா, ஒருக்கா படைச்சு விட்டிருக்க வேணும்." மாமாவும் சின்னம்மாவும் ஒருவரோடு ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்தவர்கள். ஆனால் அந்த அறையில் இருவரும் செய்த வேலை ஒன்றுதான். மாமா எலியை விட்டுக் கதையை மூடினார், சின்னம்மா படையல் வைத்து மூடினா. எது வந்தாலும் எங்களுக்கு நித்திரை வந்துவிடும். அம்மம்மா மட்டும்தான், தான் கண்டது எவ்வளவோ அவ்வளவு சொல்லி, கை தொட்ட இடத்தில் நிறுத்தினா. அதற்கு அப்பால் அவவுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லாமல் விட்டது ஒரு சாட்சியின் நேர்மை என்று இப்போது நினைக்கிறேன். பேய்க்கதையின் முடிவு திறந்து கிடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதும் அதனால்தான். கண்டவர் நிறுத்திய இடத்தில் எழுதுபவனும் நிறுத்த வேண்டும்.

இதற்காக, முடிக்கத் தெரியாமல் நடுவில் விட்டுவிட்டு மர்மம் என்று பெயர் வைக்கும் கதைகளுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அப்படிப்பட்ட கதையில் திரும்பிப் போய்ப் பார்த்தால் கையில் எதுவும் தட்டுப்படாது. நல்லதில் ஈரம் இருக்கும்.

ஹென்றி ஜேம்ஸ் 1898இல் 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' என்ற குறுநாவலை வெளியிட்டார். ஒரு பெரிய வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க வரும் இளம் ஆசிரியை, முன்பு அங்கே வேலை செய்து இறந்துபோன இருவரின் உருவங்களைக் காண்கிறாள். பல வருடம் அதைப் பெரும்பாலானவர்கள் பேய்க்கதையாகவே வாசித்தார்கள். 1934இல் எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், பேய் எதுவும் இல்லை, எல்லாம் அந்தப் பெண்ணின் மனம் காட்டியவை என்று வாதிட்டார். அதிலிருந்து சண்டை ஓயவில்லை. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், எந்தக் கட்சியில் நின்று வாசித்தாலும் கதை முழுதாக நிற்கிறது, ஆனால் வாசித்து முடித்த இரவில் எந்தக் கட்சியிலும் நிற்க முடியவில்லை. தொதரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் 1970இல் வெளியிட்ட நூலில் இந்தத் தயக்கத்தைத்தான் இவ்வகைக் கதைகளின் உயிர் என்றார். இது இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று தீர்மானிக்க முடியாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம். தீர்மானித்துவிட்டால் அது வேறு கதையாகிவிடும்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சிங்களத்தில் உலமா என்று சொல்லும் பறவை (இஸ்லாமிய மார்க்க அறிஞர்களைக் குறிக்கும் சொல் இல்லை, இது வேறு). இரவில் காட்டுக்குள் இருந்து பெண் அலறுவது போலக் கத்தும். மனைவி மேல் சந்தேகப்பட்ட ஒருவன் குழந்தையைக் கொன்று கறி சமைத்து அவளுக்கே பரிமாறினான், கறியில் சின்ன விரல் ஒன்றைக் கண்ட அவள் பித்துப்பிடித்துக் காட்டுக்குள் ஓடிப் பறவையானாள் என்பது கதை. எந்தப் பறவையின் குரல் அது என்று பறவை ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் மாறி மாறிச் சொன்னார்கள், காட்டில் வாழும் பெரிய ஆந்தை ஒன்று என்பதுதான் இப்போது பலரும் சொல்வது. மொனராகலைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியபோது அப்படி ஒரு குரல் கேட்டது. எங்களோடு வந்த சாரதி சலனமில்லாமல் "அது ஆந்தை சேர்" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினார். விளக்கமும் பயமும் ஒரே மனிதருக்குள் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்ததுதான் எனக்கு அந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய விஷயம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி.

நீங்கள் கேட்ட பிறகுதான் என் கதையை நான் திரும்ப வாசித்தேன். முதல் பந்தியில் ஒரு விபரம் இருக்கிறது, எழுதும்போது ஏன் அவ்வளவு கவனமாக வைத்தேன் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை. அந்த அம்மாவின் கணவர் மாரடைப்பில் இறந்தார். பொரளை கனத்தை மயானத்தில் எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. இவ்வளவும் சந்தேகம் இல்லாமல் முடிந்த காரியங்கள். அதன் மேல் நின்றுதான் அந்தச் செருப்பு திரும்ப முடிந்தது. பூட்டியின் பாக்குரலும் அப்படித்தான். பேய்க்கதை தொடங்குவதற்கே முதலில் ஒரு சாவு உறுதியாக வேண்டும். யார் இறந்தார், எப்போது, எங்கே என்பது மூடியிருந்தால்தான் மற்றதைத் திறந்து வைக்கலாம்.

உங்கள் வீட்டில் அந்த முதல் பந்தியே எழுதப்படவில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், அவர் கணவரும் அப்படிப் போனவர். பொட்டை அழிக்கவில்லை, திவசம் செய்யவில்லை. ஒருமுறை கோயிலில் யாரோ ஆறுதலாக "அவரின்ர ஆத்மா சாந்தியடையட்டும்" என்றபோது ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் முன்னால் ஒருநாளும் நான் பேய்க்கதை சொன்னதில்லை. பயப்படுவார் என்பதால் இல்லை. ஆவி என்று வாயெடுத்தால், ஆள் செத்துவிட்டார் என்று அவருக்காக நான் தீர்ப்பெழுதியது போலாகிவிடும். அந்த உரிமை எனக்கு இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. செருப்பைத் திருப்பியது யார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது. அதனால் அந்தத் தெரியாமையில் நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பயப்படலாம், அது ஒருவகைச் சுகம். உங்கள் அண்ணாவின் விஷயத்தில் பதில் தெரிந்த ஒருவர் எங்கோ இருக்கிறார். சொல்லாமல் இருக்கிறார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு வீதியில் உட்காரத் தொடங்கிய அம்மாக்கள் கேட்பது அந்தப் பதிலைத்தான். அதை மர்மம் என்று யாராவது அழகுபடுத்தி எழுதினால், முதலில் கோபப்படுகிறவன் நானாக இருப்பேன். நான் அப்படி எழுதியதாக உங்களுக்கு ஒரு கணமாவது தோன்றியிருந்தால் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அண்ணாவைப் பற்றி எழுத வேண்டும் என்று அவர் எப்போதாவது விரும்பினால் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். அது வேறு எழுத்து, அதற்கு முடிவு வேண்டும்.

அம்மம்மா போன பிறகு அந்தப் பாக்குரல் எங்களிடம் வந்தது. குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களில், ஓர் இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை இறக்கி என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அம்மம்மாவின் சொற்களையே சொன்னேன், நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினேன். மாமாவின் எலியையும் சொல்லவில்லை, சின்னம்மாவின் படையலையும் சொல்லவில்லை. "ஏன் ஈரமா இருந்தது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெழுகுதிரியைக் கிட்ட இழுத்து, உரலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

அன்புடன்.