முகவரியில் எதற்குக் கஞ்சத்தனம்?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் நெட்வொர்க் பொறியாளராக இருக்கிறேன். எஸ்டிஐ என்ற வீடியோ கேபிளில் ஓடிய ஸ்டுடியோவை ஐபிக்கு, அதாவது படத்தையும் ஒலியையும் நெட்வொர்க் பாக்கெட்டுகளாக அனுப்பும் எஸ்எம்பிடிஇ 2110 தரநிலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். 12 கேமராக்கள், எல்லாம் 1080ஐ50. மல்டிகாஸ்ட் (ஒரு ஸ்ட்ரீமை அதைக் கேட்ட எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும் முறை) முகவரிகளை எக்ஸெலில் எழுதி வைத்தால் போதுமா, அதற்கென்று மென்பொருள் வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பொருத்த வந்தவர், "முகவரியை வீணடிக்காதீர்கள். ஒரு கேமராவுக்கு ஒரு குரூப் (ஒரு மல்டிகாஸ்ட் முகவரி) போதும், படம், ஒலி, துணைத்தரவு மூன்றையும் போர்ட் எண்ணால் பிரித்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, 239.0.0.1-இல் தொடங்கி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு என்னவோ உறுத்துகிறது. சோதனையில் படம் நாலு நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. நிர்வாக அறையில் இதே ஸ்ட்ரீமை வைஃபையில் பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

கே., சென்னை

அன்புள்ள கே.,

எக்ஸெல் போதும். வைஃபை வேண்டாம், மல்டிகாஸ்ட் பாக்கெட்டை அது தன் அடிமட்ட வேகத்தில்தான் அனுப்பும், தொலைந்தால் மறுபடி அனுப்பாது. நிர்வாக அறைக்குச் சுருக்கிய ஸ்ட்ரீம் ஒன்றை யூனிகாஸ்டில், அதாவது அந்த ஒரு கருவிக்கு மட்டும் போகும்படி, கொடுத்துவிடுங்கள்.

நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் வேறு. "முகவரியை வீணடிக்காதீர்கள்" என்ற அந்த ஒரு வரி. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பொது இணையத்தின் ஐபிவி4 முகவரிக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் பழகியவர்கள் அதே சிக்கனத்தை மல்டிகாஸ்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். உங்கள் கட்டடத்துக்குள் ஓடும் குரூப் முகவரிக்கு யாரும் காசு கேட்பதில்லை. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2365 என்ற இணைய விதி ஆவணம், 239.192.0.0/14 என்ற பகுதியை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதில் 2,62,144 முகவரிகள். உங்களிடம் இருப்பதோ 12 கேமரா. எதை மிச்சம் பிடித்து எங்கே சேர்க்கப் போகிறார் அவர்?

போர்ட் எண்ணால் பிரிப்பது ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், இது புரிந்தால் மற்றது தானாக வரும். ஒரு கருவி தனக்கு ஒரு ஸ்ட்ரீம் வேண்டும் என்று சுவிட்சிடம் கேட்கும் வழி ஐஜிஎம்பி. அந்தச் செய்தியில் குரூப் முகவரிக்கு இடம் உண்டு. மூன்றாம் பதிப்பில் அனுப்புபவரின் முகவரிக்கும் இடம் உண்டு. போர்ட் எண்ணுக்கு எந்தப் பதிப்பிலும் இடமே இல்லை. தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவார், உள்ளே எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியாது. சுவிட்சும் அப்படித்தான். குரூப்பைக் கேட்டால் அந்தக் குரூப்பில் உள்ள எல்லாம் வந்து விழும்.

இப்போது கணக்குப் போடுங்கள். வரிக்கு 1920 புள்ளி, 1080 வரி, புள்ளிக்கு 20 பிட், நொடிக்கு 25 ஃபிரேம்: 103.68 கோடி பிட். பாக்கெட் தலைப்புகளைச் சேர்த்தால் 1.1 ஜிகாபிட்டை ஒட்டி வரும். உங்கள் ஆடியோ மிக்ஸர் கேட்டது 8 சேனல் ஒலி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் அது சுமார் 10 மெகாபிட். மிக்ஸர் செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட் 1 ஜிகாபிட் என்றால், 10 மெகாபிட் கேட்ட பாவத்துக்கு அதன் வாசலில் 1.1 ஜிகாபிட் நிற்கிறது. வரிசை நிரம்பும், சுவிட்ச் பாக்கெட்டுகளைக் கொட்டும். கொட்டும்போது படம் எது ஒலி எது என்று பார்க்காது. எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் பிடிபி கடிகாரச் செய்தியும் அதே போர்ட்டில் வருகிறது, அதுவும் தாமதமாகி மிக்ஸர் ஒத்திசைவை இழக்கும். ஆடியோக்காரர் தன் மிக்ஸரைச் சந்தேகப்படுவார். நீங்கள் கேபிளை மாற்றுவீர்கள். இரண்டுமே வீண் வேலை.

சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்றால், கேமரா பக்கமும் கேட்வே பக்கமும் 25 ஜிகாபிட் போர்ட்டுகள். அங்கே எல்லாம் தாங்கும். 1 ஜிகாபிட் கருவி ஒன்றைச் செருகும் நாளில்தான் வெளிப்படும், பெரும்பாலும் நேரலை நாளாக இருக்கும். உங்களுக்கு உறுத்தியதே, அந்த உறுத்தலை விடாதீர்கள். ஆனால் உறுத்திய பிறகும் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். படம், ஒலி, துணைத்தரவு என ஒவ்வொரு எசென்ஸுக்கும் தனிக் குரூப். இதில் பேரமே கிடையாது.

அடுத்து அந்த 239.0.0.1. ஐபி குரூப் முகவரியில் மாறும் பகுதி 28 பிட். பாக்கெட் கேபிளில் போகும்போது அதன்மேல் இருக்கும் ஈதர்நெட் மேக் முகவரிக்குள் போவது கடைசி 23 பிட் மட்டுமே. 1989-இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112-இலேயே அப்படித்தான். 16 தொகுதி மேக் முகவரிகள் தேவைப்பட்ட இடத்தில் காசில்லாமல் அரைத் தொகுதிதான் கிடைத்தது என்று இத்துறையில் ஒரு கதை சொல்வார்கள். 5 பிட் போனதால் 32 ஐபி முகவரிகள் ஒரே மேக் முகவரியில் வந்து நிற்கின்றன. 239.1.1.1-உம் 239.129.1.1-உம் மேக்கைப் பார்த்து அனுப்பும் சுவிட்சுக்கு ஒன்றேதான். 239.0.0.1 இன்னும் மோசம், அது 224.0.0.1-ஓடு மோதுகிறது. 224.0.0 வரிசை ரவுட்டர்களும் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம், அதைச் சுவிட்ச் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பியாக வேண்டும். மேக் பார்க்கும் சுவிட்சில் உங்கள் முதல் கேமராவின் 1.1 ஜிகாபிட்டும் அதோடு ஊர்வலம் போகும். 239.0.1.129 வைத்தால் பிடிபியின் 224.0.1.129-ஓடு மோதல். ஆகவே 239.0, 239.128 இரண்டின் பக்கமே போகாதீர்கள்.

நான் சொன்ன 239.192 முதல் 239.195 வரை இந்த மோதல் எதிலும் சிக்காது, தங்களுக்குள்ளும் மோதாது. ஒன்று போனாலும் மற்றது ஓடட்டும் என்று ஒரே ஸ்ட்ரீமை அனுப்பும் இரட்டை நெட்வொர்க்கில் சிவப்புக்கு 192, நீலத்துக்கு 193. மற்ற இரண்டையும் தொடாமல் வையுங்கள். மூன்றாம் எண்ணில் 0–63 படம், 64–127 ஒலி, 128–191 துணைத்தரவு, மிச்சம் காலி. கடைசி எண் அனுப்பும் கருவி. கருவி 17-இன் படம் 239.192.0.17, ஒலிகள் 239.192.64.17, 65.17, 66.17, நீலத்தில் 239.193.0.17. 64-64 ஆக வெட்டியதால், படத்துக்கு இவ்வளவு பேண்ட்வித் என்று சுவிட்சில் விதி எழுத 239.192.0.0/18 என்ற ஒரே வரி போதும். போர்ட் எண்ணையும் எசென்ஸ் வாரியாக மாற்றி வையுங்கள். லினக்ஸில் குரூப்பைக் குறிப்பிடாமல் போர்ட்டை மட்டும் பிடித்துக் கேட்கும் மென்பொருளுக்கு, அந்தக் கணினியில் வேறு புரோகிராம் கேட்ட குரூப்பும் சேர்ந்து வந்துவிடும்.

நாலு நிமிஷ விவகாரம்: ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை, அதாவது ஐஜிஎம்பி செய்திகளைக் கவனித்துக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதியை, சுவிட்சில் ஆன் செய்திருக்கிறீர்கள், குவெரியர் இல்லை. யாருக்கு எந்தக் குரூப் வேண்டும் என்று குவெரியர் 125 நொடிக்கு ஒரு முறை கேட்க வேண்டும். பதிலுக்கு 10 நொடி அவகாசம். 125 இரண்டு முறை, அதோடு 10, மொத்தம் 260 நொடி. அதுவரை பதில் வராவிட்டால் சுவிட்ச் அந்தப் போர்ட்டுக்குப் போகும் ஸ்ட்ரீமை வெட்டிவிடும். கேட்க ஆளில்லாததால் உங்கள் கருவியும் பதில் சொல்லவில்லை, 4 நிமிஷம் 20 நொடியில் படம் நின்றது. நடுவில் உள்ள கோர் சுவிட்சில், இந்த ஸ்ட்ரீம்கள் ஓடும் வி-லேனுக்கு (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஐபி கொடுத்து குவெரியரை ஆன் செய்யுங்கள். சிறிய ஐபி வைத்திருப்பவரே குவெரியர் ஆவார், அதனால் கோருக்கே ஆகச் சிறியதைக் கொடுங்கள். ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் படம் நிற்காமல் ஓடும், எல்லா போர்ட்டிலும் ஓடும். யாராவது அந்த யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

எக்ஸெலில் கருவி, எசென்ஸ், சிவப்பு, நீலம், போர்ட், அனுப்பும் ஐபி, வேகம், ஒதுக்கிய தேதி. திருத்தும் கை ஒன்றே இருக்கட்டும். கழற்றிய கருவியின் முகவரியை உடனே வேறொன்றுக்குத் தராதீர்கள், பழைய எஸ்டிபியை (ஸ்ட்ரீமின் முகவரி விவரக் குறிப்பு) நினைவில் வைத்திருக்கும் ரிசீவர் எங்காவது இருக்கும். புதுப் பெட்டி வந்தால் மீடியா நெட்வொர்க்கில் செருகுமுன் முகவரியை மாற்றுங்கள். ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே தொழிற்சாலை முகவரியோடு வரலாம். இரண்டின் பாக்கெட்டும் ஒரே குரூப்பில் கலந்தால் ரிசீவரில் வரிசை எண் தாறுமாறாகி படம் சிதறும்.

மாற்றி முடித்ததும், 1 ஜிகாபிட் போர்ட்டில் ஒரு மடிக்கணினியைச் செருகி ஒரே ஒரு ஒலிக் குரூப்பில் சேருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் விட்டுவிட்டுச் சுவிட்சின் போர்ட் கவுண்டரைப் பாருங்கள். 10 மெகாபிட்டை ஒட்டி நின்றால் சரி. நூற்றுக்கணக்கில் காட்டினால், வேறு எதையும் தொடாமல் அந்தக் கவுண்டரையும் சுவிட்சின் ஸ்னூப்பிங் பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள்.