பரணில் கிடந்த அப்பாவின் துப்பாக்கி: குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியுமா?

கேள்வி: என் தந்தை பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உரிமத்தை யாரும் கவனிக்கவில்லை. துப்பாக்கி பரணிலேயே கிடந்து துருப்பிடித்துவிட்டது. அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு பங்காளித் தகராறில் யாரோ தகவல் கொடுக்க, போலீசார் வந்து துப்பாக்கியையும் இரண்டு தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு என்னை மட்டும் கைது செய்தனர். 19 நாள் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தேன். இப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. "ஒப்புக்கொள்ளுங்கள், அபராதம் கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று நீதிமன்ற வாசலில் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா? என் மீது வேறு வழக்கு எதுவும் இல்லை.

பதில்: செய்யாதீர்கள். வாசலில் நின்று சட்டம் சொல்பவர் உங்களுக்காகச் சிறைக்குப் போகமாட்டார். சீட்டாட்ட வழக்கிலும் ஹெல்மெட் வழக்கிலும் வேண்டுமானால் அந்த யோசனை பலிக்கும். உங்கள் மீது இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25(1பி)(ஏ) பிரிவாகத்தான் இருக்க வேண்டும். அதாவது, 3-ஆம் பிரிவை மீறி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அபராதம் அதற்கு மேல். அதற்குப் பதிலாக அல்ல.

"போதுமான, சிறப்பான காரணங்களை" தீர்ப்பில் எழுதி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டிக்க நீதிபதிக்கு அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தக் காரணங்களை யாராவது அவர் முன் வைக்க வேண்டும். கூண்டில் ஏறி "ஆமாம் ஐயா" என்று மட்டும் சொல்பவருக்காக அவர் தேடி எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

முதலில் குற்றப்பத்திரிகையின் முழு நகலையும் வாங்கிப் படியுங்கள். அதில் நான் முதலில் தேடும் தாள், மாவட்ட ஆட்சியரின் அனுமதி ஆணை. 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடரவே முடியாது என்கிறது 39-ஆம் பிரிவு. ஆணை இருக்கிறதா, என்ன தேதி, ஆய்வக அறிக்கையைப் பார்த்த பிறகு கையெழுத்திட்டாரா, அச்சடித்த வாசகத்தில் உங்கள் பெயரை மட்டும் நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். இதில் ஓட்டை இருந்தால் வழக்கு ஆட்டம் காணும். ஆனால் போலீசார் அனுமதியைச் சரியாகப் பெற்று மறுபடியும் வரக்கூடும் என்பதால் இதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். தவிர, உரிமம் காலாவதியான ஆயுதத்தை ஒப்படைக்கத் தவறியதாக 21-ஆம் பிரிவையும் சேர்த்திருந்தால், அந்தக் குற்றத்துக்கு இந்த அனுமதி தேவையில்லை.

அடுத்தது தடய அறிவியல் ஆய்வக அறிக்கை. துருப்பிடித்துவிட்டது என்பது மட்டும் போதாது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத, பழுதடைந்த அல்லது வழக்கொழிந்த ஆயுதத்துக்குத்தான் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. எண்ணெய் விட்டுத் துடைத்தால் வெடிக்கும் என்று நிபுணர் எழுதியிருந்தால் துரு உங்களைக் காப்பாற்றாது. அறிக்கையில் உள்ள துப்பாக்கி எண்ணும், மகஜரிலும் (கைப்பற்றியபோது எழுதிய பத்திரம்) படிவம் 95-இலும் (பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம்) உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். வீட்டுச் சோதனை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்பதால் அதை ஒலி, ஒளிப்பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவையும் கேளுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. ஆயுதம் ஒருவர் 'வசம்' இருந்தது என்றால், அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் மீது அவருக்குக் கட்டுப்பாடும் இருந்திருக்க வேண்டும். 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீடு இருவருக்கும் பொது. பரண் யார் அறையில் இருக்கிறது? பூட்டுச் சாவி யாரிடம்? அண்ணனை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஏன் பிடித்தார்கள்? குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியவை இவை. காவல் நிலையத்தில் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சான்றாகாது. அதன் மூலம் பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். இதற்காக அண்ணன் மீது பொய்ப்பழி போடச் சொல்லவில்லை. துப்பாக்கி பரணில் இருந்தது உங்களுக்குத் தெரியும் என்றால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்போது போக வேண்டிய வழி வேறு.

குற்றத்தை ஒப்புக்கொள்வதிலேயே இரண்டு வகை உண்டு. குற்றச்சாட்டு வனையும்போது, அதாவது நீதிபதி குற்றச்சாட்டைப் பதிவு செய்து படித்துக்காட்டும்போது, வெறுமனே ஒப்புக்கொள்வது ஒன்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்காக அரசுத் தரப்புடன் பேசி முடிக்கும் 'பிளீ பார்கெயினிங்' இன்னொன்று. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது கிடைக்கும். குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். அந்தப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையைக் கால் பங்காகக் குறைக்கலாம். உங்கள் கணக்கில் அது ஆறு மாதம்; நீங்கள் ஏற்கெனவே இருந்த 19 நாளும் அதில் கழியும். ஆனால் இதில் வரும் தீர்ப்பை வழக்கமான மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஆறு மாதமும் வேண்டாம் என்றால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றத்துக்கு அது பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதிடும். நீதிபதி குறைத்துத் தண்டிக்கச் சட்டமே இடம் தரும்போது அது கறாரான குறைந்தபட்சம் ஆகாது என்று 2016-இல் ஒரு வரதட்சணை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை உங்கள் தரப்பு காட்டலாம். நீதிபதி ஏற்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, பிணைப்பத்திரத்தின் பேரில் சிறையில்லாமல் விடுவிப்பார். தண்டனையால் வரும் தகுதியிழப்பையும் அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நீக்குகிறது. தந்தையின் பழைய உரிமம், அவரது இறப்புச் சான்றிதழ், நில ஆவணம், துப்பாக்கி எந்தக் குற்றத்திலும் பயன்படவில்லை என்ற நிலை, இவையெல்லாம் அப்போதுதான் வேலை செய்யும். இன்றே ஒரு கோப்பில் சேருங்கள்.

எதிர்த்து நடத்தித் தோற்றாலும் தலை போய்விடாது. முதல்நிலை மாஜிஸ்திரேட் மூன்று ஆண்டுக்கு மேல் தண்டிக்க முடியாது. அதிகம் தேவை என்று கருதினால் அவருக்கு மேலுள்ள தலைமை நீதித்துறை நடுவருக்கு (தலைமை மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டுக்குள் தண்டனை என்றால், ஜாமீனில் இருப்பவர் மேல்முறையீடு செய்யும் வரை தண்டனையை அதே நீதிமன்றமே நிறுத்திவைக்கும். தண்டனை உறுதியானால் துப்பாக்கி பறிமுதலாகலாம். அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம்.

நகல் கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனு, போட வேண்டும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் அதே வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுங்கள். முதல் வாய்தாவில் நீதிபதி கேட்டால், "நகலைப் படிக்க அவகாசம் வேண்டும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.