அழுத்தத்தில் பியர் நொதிக்க வைக்க வால்வு மட்டும் போதுமா?

கேள்வி: 19 லிட்டர் கார்னி கெக்கில் (உலோகப் பியர் கலன்) அழுத்தத்தோடு லாகர் (வழக்கமாகக் குளிரில் நொதிக்கும் பியர்) நொதிக்க வைக்க ஸ்பண்டிங் வால்வு (வைத்த அழுத்தத்தைத் தாண்டும் வாயுவை வெளியேற்றும் வால்வு) வாங்கியிருக்கிறேன். கேஸ் போஸ்டில் (கெக்கின் வாயு இணைப்பு முனை) மாட்டி 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வைத்துவிட்டால் போதுமா?

பதில்: மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. காரணம் நுரை. நொதித்தல் வேகமெடுக்கும் முதல் சில நாட்களில் நுரை கேஸ் போஸ்ட் வழியாக ஏறி வால்வுக்குள் புகும். ஈஸ்டும் ஹாப் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துகளும் அதன் ஸ்பிரிங்கில் ஒட்டிக் காய்ந்தால், ஒன்று வால்வு மூடாது, இல்லை திறக்காது. மூடாவிட்டால் அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். திறக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலான கார்னி கெக்குகள் 130 பிஎஸ்ஐ வரை தாங்கும். 35 பிஎஸ்ஐ மட்டுமே தாங்கும் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் என்றால் கதையே வேறு. ஆகவே மூடியில் தனி ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு) இருந்தே ஆக வேண்டும். ஸ்பண்டிங் வால்வைப் பாதுகாப்புக் கருவியாக நம்பாதீர்கள். கண்ணாடி ஜாடியில் இந்த முயற்சியே வேண்டாம்.

நுரைக்கு வழி இருக்கிறது. கெக்கில் 15 லிட்டருக்கு மேல் வோர்ட் (நொதிக்காத பியர்ச் சாறு) ஊற்றாதீர்கள். நுரையடக்கும் சொட்டு மருந்து சில துளி விடலாம். இன்னும் நல்லது, இடையில் ஒரு காலி கெக் வைப்பது. நொதிக்கும் கெக்கின் கேஸ் போஸ்டிலிருந்து ஒரு குழாயைக் காலி கெக்கின் லிக்விட் போஸ்டுக்குக் (திரவ இணைப்பு முனை) கொண்டுபோங்கள். ஸ்பண்டிங் வால்வு காலி கெக்கின் கேஸ் போஸ்டில் உட்காரட்டும். தப்பி வரும் நுரை லிக்விட் போஸ்டிலிருந்து அடிவரை இறங்கும் நீளமான டிப் டியூப் வழியே அடியில் போய்த் தங்கும், மேலே வால்வுக்கு வாயு மட்டும் போகும்.

வோர்ட் ஊற்றும் முன்பே எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். வால்வை முழுதாக மூடி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து 12 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். சோப்பு நீரை மூடியிலும் போஸ்டுகளிலும் தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். அநேகமாக ஓ-ரிங்தான் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), கொஞ்சம் கெக் கிரீஸ் போதும். அப்புறம் உஸ் என்று சத்தம் வரும்வரை திருகைத் தளர்த்தி, சத்தம் நிற்கும் இடத்துக்கு மெல்லத் திருப்புங்கள். நொதித்தல் சூடுபிடித்ததும் கேஜை (அழுத்தமானி) பார்த்து இன்னொரு முறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் லாகருக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 பிஎஸ்ஐ சரி. சூட்டில் ஈஸ்ட் கிளப்பும் பழவாசனையை அழுத்தம் அடக்கும். முதல் நாள் 5 பிஎஸ்ஐக்குள் விட்டு ஈஸ்டைப் பெருக விடுவது என் வழக்கம். கோதுமை பியருக்கு இந்த ஏற்பாடே வேண்டாம். அதற்கு அந்த வாசனைதானே வேண்டும்!

20 டிகிரியில் 15 பிஎஸ்ஐ இருந்தாலும் பியரில் வாயு முழுதாக ஏறியிருக்காது. நொதித்தல் முடிந்ததும் 4 டிகிரிக்குக் குளிர்வித்து, சிலிண்டரிலிருந்து 12 பிஎஸ்ஐ கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். நடுவில் ஹாப் சேர்க்க ஆசைப்பட்டு மூடியை மட்டும் சட்டென்று திறந்துவிடாதீர்கள். அழுத்தத்தைப் பல மணி நேரம் எடுத்து மெல்ல இறக்கிய பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி பியர் தரையில்தான்.