மந்த வாயு பிளாஸ்மாவில், அதாவது ஓரளவு அயனியான வாயுவில், எலக்ட்ரான் வினாடிக்கு எத்தனை முறை அணுவோடு மோதும்? அதை ஒரு மாறிலியாக வைத்துக் கணக்குப் போடலாமா?

ஹீலியம் என்றால் பெரும்பாலும் போடலாம். ஆர்கான், கிரிப்டான், செனான் என்றால் வேண்டாம் என்பேன்.

சூத்திரம் எளிதுதான். வாயுவின் அணு அடர்த்தி, மோதல் குறுக்குப்பரப்பு (எலக்ட்ரானுக்கு ஓர் அணு காட்டும் இலக்கின் பரப்பு), எலக்ட்ரானின் வேகம், இந்த மூன்றையும் பெருக்கினால் மோதல் அதிர்வெண் வந்துவிடும். 1 டார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தில் 760-இல் ஒரு பங்கு), அறை வெப்பநிலையில், ஒரு கன மீட்டரில் சுமார் 3.2 × 10²² அணுக்கள் இருக்கும். 1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 590 கிலோமீட்டர். இவை இரண்டிலும் சிக்கல் இல்லை. குறுக்குப்பரப்பில்தான் எல்லாமே இருக்கிறது.

ஹீலியத்தில் ஆற்றல் கூடக் கூட குறுக்குப்பரப்பு மெதுவாகக் குறைகிறது, வேகமோ ஏறுகிறது. 2 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரை இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன. அதனால் 1 டாரில் வினாடிக்கு 200 கோடிக்குச் சற்று மேல் என்று ஒரே எண்ணை வைத்தாலும் பெரிய பிழை வராது. பழைய மைக்ரோவேவ் மின்னிறக்கக் கோட்பாடுகள் ஹீலியத்தை அவ்வளவு விரும்பியதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஆர்கானில் கதையே வேறு. 1921 வாக்கில் ராம்சாவரும், தனியாக டவுன்செண்டும் பெய்லியும் கண்டது இது: மெதுவான எலக்ட்ரான்களுக்கு ஆர்கான் கிட்டத்தட்ட இல்லாதது போல ஆகிவிடுகிறது. சுமார் 0.25 எலக்ட்ரான் வோல்ட்டில் குறுக்குப்பரப்பு அடிமட்டத்துக்குப் போகிறது. அந்த ஆற்றலில் 1 டாரில் வினாடிக்கு ஒரு கோடி மோதல் அளவில்தான் வரும். அதே வாயுவில், அதே அழுத்தத்தில், 10 எலக்ட்ரான் வோல்ட்டில் 800 கோடியைத் தொடும். பல நூறு மடங்கு வித்தியாசம்! எலக்ட்ரானை அலையாகப் பார்த்தால்தான் இது புரியும். அணுவின் ஈர்ப்பு அந்த அலையின் கட்டத்தைச் சரியாக அரைச் சுற்று நகர்த்திவிட்டால், வெளியே போகும் அலையில் சிதறலின் சுவடே தெரியாது. கிரிப்டானிலும் செனானிலும் இதே பள்ளம் சற்றுக் கூடுதல் ஆற்றலில் இருக்கிறது. ஹீலியத்திலும் நியானிலும் கிடையாது.

சரி, சராசரி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எந்தச் சராசரி? நேர்மின்னோட்டக் கடத்துத்திறனைக் கணக்கிடும்போது அதிர்வெண்ணின் தலைகீழைத்தான் சராசரி எடுக்கிறோம், அதனால் அதிகம் மோதாத எலக்ட்ரான்கள் முடிவை ஆள்கின்றன. மோதல் அதிர்வெண்ணைவிட மிக உயர்ந்த அதிர்வெண் உள்ள புலத்தில், ஆற்றல் உறிஞ்சல் மோதல் அதிர்வெண்ணுக்கே நேர்விகிதம்; அங்கே அதிகம் மோதுபவை ஆள்கின்றன. ஆர்கானில் இந்த இரண்டு ‘பயனுறு’ எண்களும் வெகுதூரம் விலகி நிற்கும். ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு, அது முடிவை மொத்தமாகக் கெடுத்துவிடும்.

அப்புறம், எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலை மேக்ஸ்வெல் வடிவம் (வெப்பச் சமநிலையில் வரும் பரவல்) என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். போல்சிக்+ போன்ற போல்ட்ஸ்மன் தீர்வி ஒன்றில் (இந்தப் பரவலைக் கணக்கிடும் மென்பொருள்) எல்எக்ஸ்கேட் தரவுத்தளத்தின் குறுக்குப்பரப்புகளைக் கொடுத்துப் பரவலைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மொத்தக் குறுக்குப்பரப்பை எடுக்காமல் உந்தப் பரிமாற்றக் குறுக்குப்பரப்பை (மோதலில் எலக்ட்ரானின் திசை எவ்வளவு மாறுகிறது என்பதையும் கணக்கில் கொள்வதை) எடுங்கள். ஆற்றல் இழப்பு தேவை என்றால் கணக்கு தனி: ஆர்கானோடு ஒரு மீள்மோதலில் (அணுவின் உள்நிலையை மாற்றாத மோதலில்) எலக்ட்ரான் இழப்பது சராசரியாகத் தன் ஆற்றலில் சுமார் 36,400-இல் ஒரு பங்குதான்.

கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள். 1 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஆர்கானின் குறுக்குப்பரப்பு அவ்வளவு சிறியது என்பதால், சில ஆயிரம் அணுக்களில் ஒன்று அயனியானாலே எலக்ட்ரான்–அயனி மோதல்கள் அணு மோதல்களுக்குச் சமமாகிவிடும். உங்கள் பிளாஸ்மா அந்த அளவை நெருங்கினால், நடுநிலை அணுக்களை மட்டும் எண்ணினால் போதாது.