தன்னார்வப் பணிக்கு வெளிநாடு போகும்போது முதல் அபிப்பிராயத்தை நம்பலாமா?

நம்பலாம், ஒரு வாரத்துக்கு. எத்தியோப்பியாவில் ஒரு கிராமப் பள்ளிக்கு உதவப் போனபோது, நான் எதைச் சொன்னாலும் அங்கிருந்த ஆசிரியை 'ஹ' என்று மூச்சை வெடுக்கென்று உள்ளிழுப்பார். ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்து பேச்சையே குறைத்துக்கொண்டேன். அங்கே அதற்கு 'ஆமாம், சொல்லுங்கள்' என்று பொருள்!

நேரக் கணக்கிலும் சறுக்கினேன். மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். பிற்பகலில் போய் நின்றால் பள்ளியில் ஈ, காக்கை இல்லை. பொறுப்பற்றவர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அங்கே விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் காலை 9 மணிதான் அவர்களுக்கு மூன்று. காத்திருந்து களைத்தவர்கள் அவர்கள்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். காபிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, மூன்று சுற்று ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் சுற்றோடு எழப்பார்த்த என்னை ஆசிரியை கையமர்த்தி உட்காரவைத்தார்.